மொட்டை வண்டின் வம்சம்

ஓய்வு பெறுவதற்குள் ஒரு உயிருக்காவது தன் கையால் பெயர் வைத்துவிடுவது என்று சீட்டுக்காரர் தீர்மானம் செய்துவிட்டார். அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பூச்சிகளுக்குக் கீழே பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுகிறவர். எவனோ கண்டுபிடித்தது, எவனோ வைத்த பெயர், இவருடைய கையெழுத்து. மனுஷனுக்கு வயிறு எரியாதா?

அகப்பட்டது சாண வண்டு. கொம்பு வைத்தது ஏற்கெனவே தெரிந்த இனம். அதே புல்வெளியில் கொம்பில்லாத மொட்டை வண்டுகளும் கிடைத்தன. செத்ததில் இரண்டை ஊசியில் குத்தி வைத்துக்கொண்டு பதினோரு வித்தியாசம் எழுதினார். உயிரோடு இருந்ததை வகைக்கொரு டப்பாவில் மண்ணும் சாணமுமாக உபரி அறையில் வைத்தார். பராமரிப்பு வழக்கம்போல மனைவியின் தலையில் விழுந்தது. நான்கு வருஷமாக அந்த அறையில் தையல் வகுப்பு நடத்தக் காத்திருந்தவள் அவள்.

ஒரு வாரம் கழித்து மெல்லக் கேட்டாள்.

"இந்த நாத்தம் எத்தனை நாளைக்குங்க?"

"கட்டுரை அச்சாகட்டும். புது இனத்துக்கு உன் பேரைத்தான் வைக்கப் போறேன்."

"சாண வண்டுக்கா?"

"சரித்திரத்துல நிக்கும்."

"புது இனம் இல்லேன்னா?"

"அறையை எடுத்துக்கோ. சத்தியம்."

"கொம்பைத் தவிர ரெண்டும் ஒண்ணு போலதானே இருக்கு?"

சீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். பாடம் நடத்தப் போகிறார் என்று அர்த்தம்.

"உருவத்தை வச்சு உறவு சொல்லக் கூடாது. வவ்வாலுக்கும் இறக்கை, காக்காவுக்கும் இறக்கை. சொந்தமா? யாருக்கு யார் பொறந்ததுன்னு பாக்கணும். வம்சம்தான் முக்கியம்."

"சரிங்க," என்று ஊசியில் நூல் கோத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, கட்டுரையை அவர் உறையில் போட்டு ஒட்டப் போகும்போது, ஒரு டப்பாவைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

"இதைப் பாத்துட்டு ஒட்டுங்க."

உள்ளே ஒன்பது இளம் வண்டுகள். நாலுக்குக் கொம்பு, அஞ்சு மொட்டை.

"ஏது இது?"

"பொறந்துது."

"தனித்தனி டப்பாவுலதானே வச்சேன்?"

"ரெண்டு டப்பாவை யாரு தினம் துடைக்கறது? வந்த அன்னிக்கே ஒண்ணுல போட்டுட்டேன். கொம்பு அப்பா, மொட்டை அம்மா. யாருக்கு யார் பொறந்ததுன்னு பாக்கச் சொன்னீங்களே."

சீட்டுக்காரர் மொட்டைகளை இன்னொரு தடவை எண்ணினார். தன் கையால் பெயர் வைக்க ஒரு உயிர், ஒரே ஒரு உயிர், அதுவும் போயிற்று.

"பதினோரு வித்தியாசம் எழுதினேனேம்மா."

"நமக்குள்ள அதுக்கு மேலேயே இருக்குங்க. அதுக்காக நாம வேற வேற இனமா?"

சீட்டுக்காரர் உறையை நாலாகக் கிழித்தார். அனுப்பியிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். நல்ல வேளை, இவள் தற்செயலாகச் செய்தது தன்னைக் காப்பாற்றியது என்று நெஞ்சு நெகிழ்ந்து, டப்பாக்களைத் தானே சுமந்து வெளியே வைத்தார்.

வாசலில் துணியும் கத்தரிக்கோலுமாக எட்டுப் பெண்கள் நின்றார்கள். வகுப்புக்கு எப்போது பேர் கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். தேதி சொன்னார்கள்.

அவர் சத்தியம் செய்ததற்கு முதல் நாள்.