என் வயிற்றில் ஸ்கேன் டாக்டர் கண்டுபிடித்த கட்டி

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் புருஷன் பணிவோடு எழுதுவது. நான் நலம். நேற்று போனில் அவள் அழுத அழுகைக்கு நீங்கள் எனக்குப் போடப் பூமாலைக்கே சொல்லியிருப்பீர்கள். அதனால் மறுபடியும் எழுதுகிறேன், நலம்.

போன வருஷம் என் மூத்திரப்பை சுருங்கிப்போய், சர்ஜன் என் குடலிலேயே ஒரு துண்டை வெட்டி ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கினாரே, அது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்கேனுக்குப் போனேன். தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. ஸ்கேன் டாக்டர் மகானுபாவர் தழும்பு மேலேயே பசையைத் தடவினார், ஆனால் பார்த்தது திரையை மட்டும். மனுஷனைப் பார்ப்பது அவர் இலாகா இல்லை போலிருக்கிறது. "அடடா, பைக்குள்ள என்னமோ கட்டி மாதிரி துருத்திக்கிட்டு நிக்குதே"ன்னார். "டாக்டர், அது என் குட..." என்று வாயைத் திறந்தேன். "பேசாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க." பிடிச்சேன். "விடுங்க." விட்டேன். "டாக்டர், போன வருஷம்..." "மறுபடி பிடிங்க!" இப்படி மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சே எனக்குப் புற்றுநோய் வந்துடுச்சு மச்சான்! வெளியே நின்ன உங்க தங்கச்சிகிட்ட, "சந்தேகமா இருக்கும்மா, திறந்துதான் பாக்கணும்"னுட்டார். அவ அங்கேயே உட்கார்ந்து, "ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருப்பாரா, தங்கமான மனுஷனா இருந்தாரே"ன்னு ஆரம்பிச்சுட்டா. நான் பக்கத்துல பெல்ட்டை மாட்டிக்கிட்டு நிக்கறேன்! இன்னொரு தரம் வயிற்றைக் கிழிச்சுடுவாங்களேன்னு படத்தைப் பிடுங்கிக்கிட்டுக் கிளம்பினேன்.

சர்ஜனிடம் ஓடினேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வயிறு குலுங்கச் சிரித்தார். "இது கட்டியில்ல சார், நான் தச்ச குடல். மடிப்பு மடிப்பாத்தான் தெரியும். பைக்கு வந்த பிறகும் பழைய புத்தியில கோழையைச் சுரக்கும், அதான் உள்ள கலங்கலாத் தெரியுது. கத்தியே வேண்டாம், போங்க"ன்னார். சொந்த வீட்டு சோபாவைப் பார்த்துத் திருடன் என்று போலீசைக் கூப்பிடுகிற ஆளை இருட்டறையில் உட்காரவைத்துப் படம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்!

ஆகவே நீங்கள் லீவு போட வேண்டாம். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாருடைய உள்ளுறுப்புகளும் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டியில்லாத தங்கள் மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சர்ஜன் போன். பழைய ஆபரேஷன் கதை தெரிந்ததும் ஸ்கேன் டாக்டர் படத்தை மறுபடி அலசி, குடல் மடிப்புக்குள் ஒரு கல் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். சிரித்த வேகத்தில் சர்ஜன் அதைக் கவனிக்கவே இல்லையாம். கத்தி வைத்துத்தான் எடுக்கணுமாம், நாளை மறுநாள். மேலே எழுதியதை யாரிடமும் காட்டாமல் கிழித்துவிட்டு, லீவு போட்டு வாருங்கள் மச்சான். உங்கள் தங்கை இப்போது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.