டிஜே என்றால் டிஜேதானே என்று சொன்னவள் எழுதுவது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த வீட்டில் இப்போது சௌக்கியமாக இருப்பது பாப்பா ஒருத்திதான். அவளும் சற்று முன்புதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் போனில் பேசலாம் என்றால் பகல் முழுக்கத் தூங்குகிறாய், ராத்திரி முழுக்கக் காதில் ஹெட்போன். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. என் ஆத்திரத்துக்குக் கட்டைவிரல் பதில் ஆகாது. அதனால் மண்டபத்தில் நீ மறந்துவிட்டுப் போன ஒயர்ப் பைக்குள் இந்தக் கடிதத்தைத் திணித்து அனுப்புகிறேன். ஒயரைத் தேடும்போதாவது அக்கா ஞாபகம் வரட்டும்.

என் நாத்தனார் கல்யாண வரவேற்புக்கு இவர்கள் முதலில் வேறு ஒரு ஆளைத்தான் பேசி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மட்டுமே போகிற டிஜே. வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, பார்த்தால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருப்பார். அந்த மனுஷர் வீட்டுக்கு வந்து சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பக்கத்துலயும் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல?" என்று ஆரம்பித்தார். "எந்தப் பாட்டு போட்டா யாரு கோவிச்சுக்கிட்டு எழுந்து போவாங்க? முழங்கால் வலிக்காரங்களை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறீங்க? கைக்குழந்தை இருக்கா? மைக்ல பேசப்போறவங்கள்ல யாராவது அழுவாங்களா?" மாமனார் பேசப்போகிறார் என்று சொன்னோம். "சார் அழுவாரா? தெரிஞ்சா நல்லது, மைக்கை எப்பக் குறைக்கணும்னு பார்த்துக்குவேன்," என்றார். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அவரா? கட்டினதுலேர்ந்து நான் பார்த்ததே இல்ல. கல்லுங்க." மாமனாரும் கல் மாதிரியே தலையை ஆட்டினார். இந்த ஆள் பாட்டுப் போட வந்தாரா, குடும்ப வழக்கு விசாரிக்க வந்தாரா என்று எனக்கு எரிச்சல். அவர் போனதும், "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? என் தம்பியும் டிஜேதான். டிஜேன்னா டிஜேதானே," என்று சொன்னது நான்தான். மறுக்கவில்லை. மறுத்தாலும் விடமாட்டார்கள், அந்த ஒரு வாக்கியம் இந்த வீட்டில் இப்போது எல்லாருக்கும் மனப்பாடம்.

டிஜேன்னா டிஜே இல்லைடா. ரேடியோவில் இருக்கிறானே, அவன் முன்னால் ஆளே கிடையாது. கண்ணாடி அறைக்குள் சுவரைப் பார்த்து நேயர்களே என்கிறான், பிடிக்காதவன் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறான், இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் இல்லை. போட்டி மேடையில் இசைத்தட்டைச் சுரண்டுகிறவன், எதிரே நின்று சுரண்டுகிற இன்னொருவனுக்காகச் சுரண்டுகிறான். உன்னை மாதிரி கிளப்பில் போடுகிறவனுக்கு வந்தவன் எல்லாம் உனக்காகவே வந்தவன், எல்லாருக்கும் ஒரே வயசு, ஒரே இருட்டு, பிடிக்காவிட்டால் வாசல் திறந்திருக்கிறது. கல்யாணத்துக்கு டிஜேக்காக ஒருத்தரும் வருவதில்லை, சாப்பிடாமல் ஒருத்தரும் போகப்போவதும் இல்லை. எட்டு மாசக் குழந்தையிலிருந்து எண்பது வயசு வரை, நிலத் தகராறில் முகம் பார்க்காத பங்காளிகள் வரை, ஒரே கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே பாட்டுப் போடுகிறவன் ஒரு கண்ணைக் கூட்டத்தின் மேல் வைக்க வேண்டும், இன்னொரு கண்ணைச் சமையல்கட்டின் மேல் வைக்க வேண்டும். நீ இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய். இதெல்லாம் எங்கே படித்தாய் அக்கா என்று கேட்காதே. அந்த ஒரு சாயங்காலத்தில் படித்தேன். காலேஜில் மூன்று வருஷம் படித்தது கூட இப்படி மண்டையில் ஏறவில்லை.

முதலில் அந்தப் புகை. பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து உள்ளே வருகிற நேரத்தில் கதவுக்கு இரண்டு பக்கமும் மெஷின் வைத்துப் புகை விட்டாயே, உன் கிளப்பில் வருகிறவர்கள் முகத்தை மறைக்க வருகிறார்கள், இங்கே முகத்தைக் காட்டவென்றே பியூட்டி பார்லரில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்டா ஒருத்தி. புகை கலைந்து பார்த்தால் மாப்பிள்ளை வீடியோக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறார், என் நாத்தனார் தனியாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டிருக்கிறாள். அடுத்து நீ போட்ட அந்தப் பாட்டு, அதைப் பாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை, வார்த்தையும் இல்லை, முடிவும் இல்லை, டொம் டொம் என்று ஏறிக்கொண்டே போகிறது, இதோ வரப்போகிறது இதோ வரப்போகிறது என்று எல்லாரும் கையைத் தூக்கிக் காத்திருந்து கை வலித்துக் கீழே போட்டுவிட்டார்கள். மாமனாரின் அக்கா, முழங்கால் அத்தை என்று சொல்வோமே, அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என் பல்லு தனியா ஆடுதுடி," என்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். உன் அத்தான் எனக்குப் பின்னால் வந்து நின்று, "உன் தம்பி பாட்டுப் போடுறானா, கிணத்துக்கு போர் போடுறானா?" என்றார். நான் அவரை முறைத்தேன். தண்ணீர் வந்தால் நிறுத்துவான் என்று சொல்லத்தான் நினைத்தேன், வாயில் வரவில்லை.

அப்புறம் அந்தக் கார். மண்டப மேனேஜர் ஒரு சீட்டில் நம்பரை எழுதி உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தார், வழியில் நிற்கிற வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லி அறிவிக்கணும் என்று. கல்யாண டிஜே என்றால் பாட்டைக் குறைத்து, தொண்டையைச் செருமி, பதவிசாகச் சொல்லியிருப்பார். நீ எக்கோ வைத்து, அடிக்கு அடி ஒவ்வொரு எண்ணாகக் கத்தினாய். கூட்டம் அதைப் பாட்டு என்று நினைத்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஹோ என்று பதில் சொன்னது. கார்க்காரரும் கையைத் தூக்கி ஹோ என்றார், நானே பார்த்தேன், தன் கார் நம்பருக்குத் தானே ஆடினார். அந்தக் கார் அசையாமல் நின்றதால் ஐஸ்கிரீம் வண்டி உள்ளே வர முடியாமல், கடைசியில் ஐஸ்கிரீமை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

பாப்பா கதையைக் கேள். காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் குல்லாய் போட்டு, அதன் மேல் என் இரண்டு கையையும் வைத்துப் பொத்தி, மணப்பெண் உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டின கண்ணாடி அதிர்கிறது. இவள் தூங்குகிறாள். நிம்மதியாக இருக்கலாம் இல்லையா? என்னால் முடியவில்லை. இத்தனை சத்தத்தில் ஒரு குழந்தை தூங்குமா, காது கேட்கிறதா இல்லையா, பிறந்தபோது பார்த்த டாக்டர் சரியாகத்தான் பார்த்தாரா? டாக்டருக்கே போன் போட்டேன். "குழந்தை தூங்குதாம்மா?" "தூங்குது டாக்டர்." "அழலையே?" "இல்ல டாக்டர்." "அப்ப எதுக்கும்மா போன் பண்ணீங்க? அங்க என்ன, கட்டடம் இடிக்கிறாங்களா?" எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஸ்பூனைத் தரையில் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், வீலென்று எழுந்தவள், அதற்கப்புறம் உன் டொம் டொம்மே தோற்றுப்போகிற மாதிரி அழுதாள். பாதிப் பழி ஸ்பூனுக்கு, மீதி உனக்கு.

இதையெல்லாம் கூட மன்னித்துவிடுவேன். புகை, பல், ஐஸ்கிரீம் எல்லாம் சிரித்துத் தீர்க்கிற விஷயம். மாமனார் விஷயத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் எவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிறவர் என்று உனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தில் கையைக் காட்டியே வேலை வாங்கிப் பழகினவர். அவர் மேடை ஏறி மைக்கைப் பிடித்ததே பெரிய விஷயம். உள்ளங்கையில் ஒரு சின்ன அட்டை. வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு "என் பொண்ணு..." என்றார். நிறுத்தினார். அடுத்த வரியைத் தேடுகிறார் போல என்று நாங்கள் காத்திருக்கிறோம். ஒரு மனுஷன் பேச்சை நிறுத்தினால் காத்திருப்பது மரியாதை. உன் தொழிலில் சத்தம் நின்றால் ஆள் போய்விடுவான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே யாரும் எங்கேயும் போகப்போவதில்லையே, ஐஸ்கிரீமே இன்னும் வரவில்லையே! நீ அவர் சொன்னதைப் பிடித்து, என் பொண்ணு, என் பொண்ணு, என்-என்-என் பொண்ணு என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் டொம் டொம்மும் சேர்த்து, கூட்டத்தைக் கையைத் தூக்க வைத்தாய். இளவட்டங்கள் எல்லாம் மேடைக்கு முன்னால் குதிக்க ஆரம்பித்தார்கள். மாமனார் ஒரு கணம் உன் பக்கம் பார்த்தார். அட்டையை மடித்துப் பையில் வைத்தார். மேடைக்குப் பின்னால் போனவர், சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை என்று உன் அத்தான் சமாதானம் சொல்கிறார், எனக்கு அது சமாதானமாக இல்லை. தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் வந்து கையை நீட்டுவார், நான் பாப்பாவைக் கொடுப்பேன், பால்கனியில் அவளுக்கு ஒவ்வொரு வண்டியாகக் காட்டுவார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு யாரையும் பிடிக்காத காலத்தில்கூட அந்த மனுஷரைப் பிடித்தது. இப்போது அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. மாமியார் தட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், வெளியே வந்து என்னைப் பார்த்து, "டிஜேன்னா டிஜேதானே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாப்பா அந்தக் கதவு வரை தவழ்ந்து போய்த் தட்டுகிறாள். திறக்கவில்லை. இதற்கு உன் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், சொல்.

ஆகையால் இதை நன்றாகப் படித்துக்கொள். நீ திறமைசாலி, உன் ஊரில் உன்னைக் கொண்டாடலாம், போஸ்டரில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். இனிமேல் யார் கூப்பிட்டாலும், மாலை போட்டுக் கூப்பிட்டாலும், கல்யாணம் என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடு. மனுஷர்கள் முகத்தைப் பார்க்கத் தெரியாதவனுக்கு அந்த வேலை வேண்டாம். நானும் இனிமேல் என் தம்பி டிஜே என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை. எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஒயர்ப் பை சாட்சி.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒருநாளாவது நில். நேரத்துக்குச் சாப்பிடு. பஞ்சை உன் காதிலும் வை. நீ நன்றாக, நீண்ட காலம், ரொம்பத் தூரத்தில் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிற,

உன் அக்கா

பின்குறிப்பு: இது மறுநாள் காலை எழுதுவது. பையின் ஜிப்பை மூடப்போன நேரத்தில் மாமனார் வந்து நின்றார். வழக்கம்போல் கையை நீட்டினார். பாப்பாவைக் கொடுத்தேன். பால்கனிக்குப் போகாமல் அங்கேயே நின்று, கரகரவென்று யாரோ போல ஒரு குரலில், "உன் தம்பி போயிட்டானாம்மா?" என்றார். "அன்னிக்கு மேடையில எனக்குத் தொண்டை அடைச்சிருச்சும்மா. இன்னும் ஒரு செகண்டு போயிருந்தா அத்தனை பேர் முன்னாடியும் ஓன்னு அழுதிருப்பேன். அந்தப் பையன் என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தான். நீங்க போங்க சார், நான் பார்த்துக்கிறேன்னு கையைக் காட்டிட்டு சத்தத்தைத் தூக்கிட்டான். பின்னாடி போய் ஆசை தீர அழுதேன், ஒருத்தருக்கும் கேக்கல. தொண்டைதான் போச்சு. பேசினா உங்க அத்தை கண்டுபிடிச்சுருவான்னு பேசாம இருந்தேன்." மாமியாருக்குச் சொல்லாதே என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மேலே எழுதியதையெல்லாம் அடிக்கலாம் என்றால் பாப்பா பேனாவைப் பிடுங்கிவிட்டாள். நீயே மனசுக்குள் அடித்துக்கொள், ஐஸ்கிரீம் பகுதியைத் தவிர.

அந்த என் பொண்ணு பாட்டு உன்னிடம் பதிவாகி இருந்தால் அனுப்பி வை, மாமா கேட்டார். அடுத்த மாதம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். தொழிற்சாலையில் விழா வைத்து அவரைப் பேசச் சொல்லப்போகிறார்களாம். வழுக்கைத் தலைக்காரரைக் கூப்பிடலாமா மாமா என்றேன். வேண்டாம், உன் தம்பியே வரட்டும் என்றார். வரும்போது அந்தப் புகை மெஷினையும் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.