போன வருஷத்துக்கான திட்டப் புத்தகம்

உலகத்தில் நாளைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தால் மனிதரைப் போலவே இருப்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, காதில் ஒரு பென்சில், கக்கத்தில் ஒரு புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். "மழை வருது, கொடியில கிடக்கிற துணிய எடுங்க" என்றால் நமக்கெல்லாம் கால் ஓடும். அவருக்குக் கைதான் ஓடும். புத்தகத்தைத் திறந்து, "மாலை நாலு மணி: துணி எடுத்தல்" என்று எழுதி, அடியில் அழகாக ஒரு கோடு போட்டு, மை காய ஊதிவிட்டு நிமிர்வதற்குள் துணி தொப்பலாக நனைந்திருக்கும். அதனால் என்ன? திட்டம் நனையவில்லையே!

அந்த இனத்தின் தலைமகன் அட்டன் கடைவீதியில் இருந்தார். பெயர் மரியரட்ணம். தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவர், 1951இல் வேலையை விட்டுவிட்டு, மனிதகுலத்துக்கு நாளையைக் கற்றுக்கொடுப்பதற்காக 'மலைநாட்டு முன்னேற்பாட்டுப் புத்தகக் கம்பனி'யைத் தொடங்கினார். கம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பேக்கரிக்குப் பின்னால் ஓர் அறை, காலால் மிதிக்கும் ஓர் அச்சு இயந்திரம், மிதிப்பதற்கு மரியரட்ணம், பக்கங்களைத் தைத்து அட்டை போடத் தெரேசா. அதே வருஷம் அவருக்கும் தெரேசாவுக்கும் நிச்சயதார்த்தமும் ஆயிற்று. கல்யாணமா? அதற்குத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

கம்பனியின் முதல் வெளியீடு 1952ஆம் வருஷத்துத் திட்டப் புத்தகம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஒரு மணிக்கு ஒரு கோடு, ஓரத்தில் மழைக்கு ஒரு கட்டம், பனிமூட்டத்துக்கு ஒரு கட்டம், அட்டைக் கடிக்கு ஒரு கட்டம் என்று திட்டம் போட்டு, அந்தத் திட்டத்தைத் திருத்த இன்னொரு திட்டம் போட்டு, அச்சடித்து முடித்தபோது 1953 மார்ச் மாதம் ஆகிவிட்டது. ஐநூறு புத்தகம். வருஷம் செத்து மூன்று மாதம்.

கம்பனி அன்றைக்கே மூடியிருக்க வேண்டும். மூடவிடாமல் செய்தவர் பெரிய கங்காணி வீரய்யா. பேக்கரிக்குப் பாண் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார், ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"கங்காணி, அது போன வருஷத்துதுங்க," என்றாள் தெரேசா. உண்மை பேசும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது.

"அதானே தாயி வேணும்! வரப்போற வருஷத்துக்கு எழுதினா தொர கேப்பாரு, செஞ்சியான்னு. போன வருஷத்துக்கு எழுதினா எவன் கேப்பான்?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். "மே 18: மழை பெய்யவைத்தல்." பெய்ததா? பெய்தது! பாலம் உடையப் பெய்தது. "ஜூன் 2: மழையை நிறுத்துதல்." நின்றதா இல்லையா? அன்று மாலைக்குள் போன வருஷத்து மழை, வெயில், பனி, கொழுந்து எல்லாமே வீரய்யாவின் ஏற்பாடு என்று ஆகிவிட்டது.

அடுத்து வந்தவர் தோட்டத்து அதிகாரி, கண்டாக்கு றோலண்ட். போன ஆகஸ்டில் கொழுந்து பறிக்கும் மலையை மேற்பார்வை பார்க்கப் போய், நாற்பது பெண்கள் பார்க்க, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புற விழுந்தவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் கூடைக்குப் பின்னால் கிக்கிக்கென்று சத்தம். புத்தகம் வாங்கினார், "ஆகஸ்ட் 9, காலை 10.15: கானில் விழுதல்" என்று எழுதினார், மறுநாள் மலைக்கே கொண்டுபோய் விரித்துக் காட்டினார்.

"ஏய் காளியாயி, என்னா சிரிப்பு? பிளான் பண்ணி விழுந்தது!"

"அப்படிங்களா? அப்ப சொல்லியிருந்தா நாங்க தள்ளி நின்னிருப்போமேங்க!" என்றாள் காளியாயி. ஆனாலும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுத்தில் இருப்பதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

பிறகென்ன, அக்கரப்பத்தனையிலிருந்தும் உடப்புசல்லாவையிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். ஒவ்வொரு வருஷத்துப் புத்தகமும் அடுத்த வருஷம் மார்ச்சில், ஒருநாள்கூடப் பிந்தாமல், சரியாகப் பிந்தி வெளிவந்தது. முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் உத்தரவாதம்: "இதில் எழுதும் எதுவும் தவறாது. தவறினால் கம்பனி மூடப்படும்." லயத்து வீடுகளில் இருந்த கூலி ஆட்கள் மட்டும் வாங்கவில்லை. விடியுமுன் தப்புப் பறை அடித்துப் பெரட்டு எனும் ஆள்கணக்குக்குக் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை என்று சொல்ல ஆள் இருந்ததே. அவர்களுடைய நாட்களை வேறு யாரோ எழுதியாயிற்று.

அந்த மலைநாட்டிலேயே வரப்போகும் நாளுக்குத் திட்டம் எழுதிய ஒரே ஆள் மரியரட்ணம்தான். கையால் கோடு போட்ட தனிப் புத்தகத்தில், தை பிறந்தால் "கல்யாணம்" என்று எழுதுவார். கல்யாணம் கூடாத தபசுகாலம் வரும், தள்ளிப் போடுவார். மழை வரும், தள்ளிப் போடுவார். கூரைத் தகரம் மாற்ற வேண்டும், மாற்றுமுன் அளக்க வேண்டும், அளக்குமுன் யோசிக்க வேண்டும். பத்து வருஷமாகத் தெரேசா ஊராரின் நாட்களையெல்லாம் ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் கல்யாணச் சேலையைப் பூச்சி அரிக்க ஆரம்பித்தது. பூச்சி எந்தத் திட்டமும் போடவில்லை.

1962 மார்ச்சில் ஒரு காலை, "தெரேசா, அறுபத்தஞ்சுல கட்டாயம்" என்றார் மரியரட்ணம். அவள் 1961ஆம் வருஷத்துப் புத்தகத்தின் முதற்பிரதியைத் தைத்து முடித்து, வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அந்தப் புத்தகமும் பெட்டியுமாக வந்து நின்றாள்.

"என்னா தெரேசா, பெட்டியும் கையுமா?"

"குடித்தனம் பண்ண வந்திருக்கேன். போன மே இருபத்தேழு, சனிக்கிழமை, நமக்குக் கல்யாணம் ஆச்சுங்களே! படிச்சுப் பாருங்க."

படித்தார். "காலை 9: கோயிலில் கல்யாணம். 9.30: மாப்பிள்ளை மோதிரத்தைத் தேடுதல். 10: அது அவர் பையிலேயே இருத்தல். 1: விருந்து. கறியில் உப்புக் குறைவு என்று மாப்பிள்ளை முணுமுணுத்தல். ஜூன்: சண்டை. ஜூலை: சமாதானம்."

"இது... இது நடக்கலையே!" என்றார்.

புத்தகம் வாங்க வந்து வாசலில் நின்ற வீரய்யாவின் முகம் வெளுத்தது. "கிளாக்கரய்யா, என்னா பேச்சு இது? நடக்கலேன்னா, நா பெய்யவச்ச மழையெல்லாம் என்னா ஆகிறது? கண்டாக்கய்யா மறுபடியும் சும்மா விழுந்த ஆளா ஆயிருவாரே! உங்க கம்பனி?"

மரியரட்ணம் உத்தரவாதத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தெரேசாவைப் பார்த்தார்; பத்து வருஷத்தில் திட்டம் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. தொண்டையைக் கனைத்தார்.

"உப்பு... கொஞ்சம் குறைவாத்தான் இருந்திச்சு."

கோயில் சாமியார் மட்டும் அந்தப் புத்தகத்தை ஒப்பவில்லை. ஈஸ்டர் கழிந்து, மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்து, மே மாதம் முறைப்படி கட்டிவைத்தார். அதுவரை தெரேசா தன் வீட்டில் இருந்தாள். பெட்டி மட்டும் கம்பனி வாசலை அடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை அரைமணி நேரம் மோதிரத்தைத் தேடினார். அது பையிலேயே இருந்தது. விருந்துக்கறியில் உப்பு குறைந்ததற்குக் காரணம் சமையல்காரியில்லை. தெரேசா பக்கத்தில் நின்று குறைத்தாள். கம்பனியின் பெயர் முக்கியமில்லையா?

நன்றாகச் சிரித்தீர்கள். சரி, உங்கள் மேசை இழுப்பறையை ஒருதரம் திறவுங்கள். உள்ளே ஒரு டயரி இருக்குமே? ஜனவரி ஏழுவரை முத்து முத்தான கையெழுத்து, அதற்குப் பிறகு வெள்ளை. வெள்ளையாக இருந்தால் பயமில்லை. அந்தப் பக்கங்களில் உங்களுடையதல்லாத கையெழுத்து எங்கேனும் தென்பட்டால் மட்டும், வாசலில் பெட்டி எதுவும் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். இப்போதே போங்கள். எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.