பேனரின் இடது கம்பு

சரியாக மூன்று பத்துக்கு மூடுபனி இறங்கியது. இத்தனை வருடம் கழித்தும் மணியை நான் சொல்ல முடிவதற்குக் காரணம், என் அப்பா கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எங்கள் வீட்டில் பால்கூட மணி பார்த்துத்தான் பொங்கும். மூன்று பத்து வரை நான் ஒரு போராளி. மூன்று பதினொன்றிலிருந்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகள். மதுரையில் எங்களோடு இருந்துதான் கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் ஒருநாள் காலையில், தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, சனிக்கிழமை பெண்கள் பேரணி. நானும் போறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றேன்.

"போலீஸ் வரும்னு பயப்படுறியா?"

"போலீஸ் வந்தா வரட்டும்டி. நீ முன்னாடி நிக்காத. பேனரைத் தொடாத. ரோடு ரெண்டாப் பிரிஞ்சா யாரையாவது கேட்டுட்டுத் திரும்பு."

என் மகள் என்னைப் பிற்போக்குவாதி என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விட்டாள். (இருபது வயதில், அம்மாக்களின் பயம் எல்லாம் ஒரே பயமாகத்தான் தெரியும்.) அவளுக்காகத்தான் இது.

எண்பதுகளின் தொடக்கம். செண்பகனூரில் எங்கள் வீடு. என் அக்கா ராணியை அதுவரை மூன்று முறை பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேரும் பஜ்ஜியைப் பாராட்டிவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்றார்கள். நாளாக ஆக, தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்க மரங்களைப் பார்த்துக்கொண்டே போக ஆரம்பித்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு, அக்கா கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

நாலாவது இடம் பழனி. அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் பழனியிலிருந்து வருவார்கள். மாப்பிள்ளைக்கு வத்தலக்குண்டில் வேலை என்பதால் அவர் தனியாக பஸ் ஏறி வந்துவிடுவார் என்று ஏற்பாடு.

எனக்கு ஒரே ஒரு பொறுப்புத்தான் தரப்பட்டது: வீட்டில் இல்லாமல் இருப்பது. பெரியவளைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் சின்னவள் படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பட்டால், "சின்னதுன்னா சம்மதம்" என்று சொல்லிவிடுவார்களாம்.

"மூணரைக்கு வாராக," என்றார் அம்மா. "ஆறு மணி வரைக்கும் இந்தப் பக்கம் தலையக் காட்டிறாத. எங்கயாச்சும் போயிரு."

"எங்கம்மா போறது?"

"ஊரே கெடக்கு. எங்கயாச்சும் போ."

என் அழகு அவ்வளவு அபாயகரமானது என்று பதினெட்டு வயதில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். (அந்த வருடத்துப் போட்டோ ஒன்று பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அபாயம் எதுவும் தென்படவில்லை. முன்பல் இரண்டு மட்டும் தென்பட்டன.)

அன்றைக்குத்தான் அந்த ஊர்வலம். பள்ளங்கி, வடகவுஞ்சி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து லாரி லாரியாகப் பெண்கள் வந்து பஜாரில் இறங்கியிருந்தார்கள். கேரட் பிடுங்குகிற அதே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதி. அதைக் கேட்கத்தான் தாலுகா ஆபீசுக்குப் போகிறார்கள். கூடவே வரதட்சணை, சாராயக் கடை என்று மற்ற கோரிக்கைகளும் இருந்தன. எனக்கு இருந்த ஒரே கோரிக்கை, ஆறு மணி வரை நிற்க ஓர் இடம்.

ஆனால் பக்கத்தில் போனதும் ஏதோ ஆகிவிட்டது. குளிருக்குப் புருஷன் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, நானூறு பெண்கள். அத்தனை பெண்கள் ஒரே இடத்தில் குனியாமல் நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா கையில் மைக்குடன் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நல்ல உயரமா இருக்கியேம்மா. உள்ளூரா? ஆபீசுக்கு வழி தெரியுமா?"

"தெரியாமலா!" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பேனரின் இடது கம்பு என் கைக்கு வந்தது. வலது கம்பு லெச்சுமி அக்கா கையில். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, வடகவுஞ்சிப் பக்கம் மரப்பட்டை உரிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

"பெரட்டுல நிக்கிற மாதிரி நேரா நில்லு புள்ள. ஒம் பக்கம் பேனரு தொங்குது," என்றார். (காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்க வரிசையாக நிற்பதுதான் பெரட்டு. அன்றைக்கு நான் ஏதோ புரட்சி வார்த்தை என்று நினைத்து விறைப்பாக நின்றேன்.)

இரண்டரைக்குக் கிளம்பினோம். "சம வேலைக்குச் சம கூலி!" என்று லெச்சுமி அக்கா எடுத்துக் கொடுத்தால் பின்னால் மலையே திருப்பிச் சொன்னது. எனக்குத் தொண்டை கட்டியது, மயிர் சிலிர்த்தது. இனிமேல் டைப்ரைட்டிங் கிளாசுக்கே போவதில்லை என்று தீர்மானித்தேன். அப்போதுதான் மூன்று பத்து.

கொடைக்கானல்காரர்கள் பனி இறங்கினால் நின்றுவிடுவார்கள். கோஷம் போடுகிறவர்கள் நிற்பதில்லை. பேனரின் மறுமுனையே தெரியவில்லை. லெச்சுமி அக்காவின் குரல் மட்டும் வந்தது. மைக்கை வைத்திருந்த அம்மா நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். ரோடு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது பக்கம் ஏறினால் தாலுகா ஆபீஸ். இடது பக்கம் இறங்கினால் செண்பகனூர்.

என் கால்கள் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் விட்டு அந்த இடத்தில் இடது பக்கம் திரும்பிய கால்கள். இன்றைக்குக் கையில் பேனர் இருக்கிறது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னா புள்ள, எறக்கமா போகுது? ஆபீசுன்னா மேட்டுலதானே வச்சிருப்பாங்க?"

"இது குறுக்கு வழிக்கா," என்றேன். (நம்பித்தான் சொன்னேன்.)

இன்னும் கொஞ்ச தூரம்.

"பஜ்ஜி வாசம் வருதே. ஆபீசுல பஜ்ஜியா போடுறாங்க?"

"கேன்டீன் இருக்கும்க்கா."

அதற்குப் பிறகு ஒரு நாய் குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. வந்து என் பாவாடையில் முகத்தைத் தேய்த்தது. தாலுகா ஆபீஸ் நாய்க்கு என்மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று குனிந்து பார்த்தேன். எங்கள் டைகர். நிமிர்ந்தால், பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட் அடித்த எங்கள் வீட்டு கேட்.

நான் நின்றேன். நான் நின்றதால் பேனர் நின்றது. பேனர் நின்றதால் நானூறு பெண்கள் நின்றார்கள்.

"ஆபீசு வந்துருச்சு! எல்லாரும் உக்காருங்க!" என்று யாரோ கத்த, ரோடு முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். "அதிகாரியே, வெளியே வா!"

கதவு திறந்தது. அப்பா வந்தார். சம்பந்திகள் வருகிறார்களே என்று, இருப்பதிலேயே நன்றாக இஸ்திரி போட்ட உடையை அணிந்திருந்தார். அது அவருடைய காக்கி யூனிபாரம். பாக்கெட்டில் இரண்டு பேனா வேறு. கூட்டத்துக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?" என்றார், பழக்க தோஷத்தில்.

"ரெண்டரைக்கு!"

"லேட்டு," என்றார் அப்பா.

ஒரு பெண் எழுந்து வந்து மனுவை அவர் கையில் கொடுத்தார். அப்பா அதை வாங்கி, மேல் மூலையில் 'வரவு 3.50' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் கைதட்டியது. அவர் வாழ்க்கையில் அவர் கையெழுத்துக்கு யாரும் கைதட்டியதில்லை. லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டார். கையில் ஜல்லிக்கரண்டி.

"ஒத்தப் பிள்ளைய வீட்டுப் பக்கம் வராதன்னு சொன்னேன்," என்று சாமி படத்தைப் பார்த்து முறையிட்டது வெளியே வரைக்கும் கேட்டது. "நானூறு பொம்பளையக் கூட்டியாந்துருக்காளே!"

உள்ளே அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அக்காதான் பிறகு சொன்னாள். பழனிக்காரர்கள் அப்போதுதான் மெதுவாக நகைப் பேச்சை எடுத்து, அதைத் தாண்டி ஸ்கூட்டருக்கு வந்திருந்தார்கள். சரியாக 'ஸ்கூட்டர்' என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில், வாசலில் நானூறு தொண்டைகள்: "வரதட்சணை ஒழிக! பெண் வீட்டாரை மிரட்டாதே!"

தாய்மாமன் கையிலிருந்த காபி டம்ளர் டவராவில் டகடகவென்று ஆடியதாம்.

"ஏங்க," என்றாராம் என் அம்மாவிடம், "நகைன்னு சும்மா பேச்சுக்குத்தானங்க சொன்னோம். உக்காந்து பேசித் தீத்துக்கிறலாமே. இதுக்குப் போயி இம்புட்டு ஆளுகளையா வரச் சொல்லுவீக?"

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்கூட்டரெல்லாம் வேணாந்தாயி. எம் மகனுக்கு சைக்கிளே நேரா ஓட்டத் தெரியாது."

இந்த இடத்தில் என் அம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்களுக்கு சொந்தபந்தம் கொஞ்சம் சாஸ்திங்க," என்று மட்டும் சொன்னார்.

அப்போது அக்கா தாம்பாளத்தில் பஜ்ஜியோடு வந்தாள். நாலாவது தாம்பாளம். நாற்காலிகளைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள், நேராக ரோட்டுக்கு வந்து, குளிரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நீட்டினாள். நானூறு பேருக்கு அது எந்த மூலைக்கு? பிட்டுப் பிட்டுக் கை மாற்றினார்கள்.

லெச்சுமி அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பட்டுச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்திருக்காங்களா? ஒனக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா?"

அக்கா தாம்பாளத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று இடம் வந்து போயும், ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"இன்னும் வரலக்கா," என்றாள் மெதுவாக. "வந்தாத்தான் தெரியும்."

"அப்ப வரட்டும். நல்லாப் பாத்துட்டுச் சொல்லு. மாட்டேன்னாலும் சத்தமாச் சொல்லு. நாங்க இருக்கோம்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மைக் அம்மா வந்து சேர்ந்தார். காக்கி அப்பாவை, பச்சை கேட்டை, பஜ்ஜித் தட்டை மாறி மாறிப் பார்த்தார். "இது ஆபீஸ் இல்லையே! யார் வீடு இது?"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அந்தக் கேள்வி மலை முழுக்கக் கேட்டது. என் பதிலும்தான்.

"எங்க வீடு."

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று எதிர்பார்த்தேன். (மலைச்சரிவு எப்போதும் தேவைப்படும்போது வருவதில்லை.) முதலில் சிரித்தவர் லெச்சுமி அக்கா. பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போயிற்று. "சரி, திங்கவும் தின்னாச்சு. வாங்க, வெரசா மேல ஏறுவம்," என்று என் கம்பையும் அவரே வாங்கிக்கொண்டார். அப்பாவிடமிருந்து மனுவைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். இருட்டுவதற்குள் அதை உரிய இடத்தில் கொடுத்தும்விட்டார்கள். உண்மையான அதிகாரி, அப்பாவின் 'வரவு 3.50'க்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாராம். கூலி உயர இன்னும் பல ஊர்வலங்கள் தேவைப்பட்டன. சிலவற்றுக்கு நானும் போனேன், கடைசி வரிசையில்.

கூட்டம் எழுந்து திரும்பியபோது, எதிர்த் திசையில் ஒருவர் மட்டும் எங்கள் வீட்டை நோக்கி வந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு கையில் அறுந்த செருப்பு, மறு கையில் ஓர் அட்டை. அட்டையில் 'பெண் விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தது.

"ஏலே!" என்று அலறினார் மாப்பிள்ளையின் அம்மா. "நீயும் இவுக கூட்டமா?"

மாப்பிள்ளை அப்போதுதான் அட்டையைத் திருப்பிப் படித்தார். "தெரியாதும்மா. பஸ்ஸுல தூங்கி, செண்பகனூரத் தாண்டி பஜார்ல போய் எறங்கிட்டேன். ஒரே பனி. யாரோ இத வச்சுக்கப்பான்னு குடுத்தாங்க. சத்தம் கேட்ட பக்கமே நடந்தேன். பாத்தா, சரியா பொண்ணு வீட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுட்டாங்க!"

அக்கா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெண் பார்க்கும் நாளில் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது. அந்த மனிதர் அறுந்த செருப்போடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மா பயப்பட்டிருக்கவே வேண்டாம்.

அக்கா சத்தமாகவே சொன்னாள், சம்மதம் என்று. லெட்டர் வரவில்லை. அவர்களே வந்தார்கள். ஸ்கூட்டர் பேச்சு மறுபடி எழவே இல்லை. இன்றுவரை அக்காவுக்கும் அவள் மாமியாருக்கும் சின்னச் சண்டை வந்தாலும், அந்த அம்மா முதலில் இறங்கி வந்துவிடுவார். "சரி தாயி, ஓஞ் சொல்லுப்படியே ஆகட்டும். தங்கச்சிக்கு மட்டும் போன் போட்டுறாத."

போன சனிக்கிழமை நான் மகளுக்கு எட்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அக்காவுக்குச் செய்தேன். "யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாளோ!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஐந்தரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடிச் சத்தமாக இல்லை. கதவைத் திறந்தேன். தொண்டை கட்டிய குரலோடு என் மகள், அவளுக்குப் பின்னால் கீழ்த்தளம் வரை படிக்கு ஒருத்தியாகப் பெண்கள்.

"வழியெல்லாம் தப்பலம்மா," என்றாள். "வேணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். பஜ்ஜி கெடைக்குமா?"