ஐந்தே முக்கால் விமானத்தின் த்ராட்டில்

சேஷாத்ரி படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஃபிராங்க்ளினுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சிவப்பு ஒயரை எந்தக் காலில் பற்றவைத்தோம்? வலது காலிலா, இடது காலிலா?

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் விளையாட்டுச் சாமான்களை ரிப்பேர் செய்வது ஃபிராங்க்ளினின் பிழைப்பு. தூத்துக்குடிக்காரன். கை சுத்தம், ஞாபகம்தான் கொஞ்சம் போதாது. அன்று காலை சேஷாத்ரி கொண்டுவந்தது, வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற செட். திருப்புவதற்கு ஒரு ஜாய்ஸ்டிக், பக்கத்தில் வேகத்துக்கு ஒரு த்ராட்டில். த்ராட்டிலை முன்னால் தள்ளினால் எஞ்சின் உறுமும், பின்னால் இழுத்தால் அடங்கும். அதற்குள்ளே, ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழுக்கு அடியில் இருக்குமே, அதே சாமான்தான் இருக்கும். மூன்று கால். ஓரத்துக் கால்கள் இரண்டிலும் ஒயரை மாற்றி வைத்துவிட்டால் தள்ளுவதும் இழுப்பதும் தலைகீழ்.

தேய்ந்த சாமானைக் கழற்றிப் புதுசு போட்டதும் ஃபிராங்க்ளின் சோதித்துப் பார்க்கத்தான் செய்தான். திரையில் கோடு நடுங்காமல் நகர்கிறதா என்று பார்த்தான். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கவில்லை.

"சரி, மாறியிருந்தா அவரே கொண்டாருவாரு" என்று கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனான்.

வீட்டில் அவன் மனைவி கலா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தம்பிக்குச் சென்னையில் கல்யாணம். கடையை விட்டு வர முடியாது என்று ஃபிராங்க்ளின் சொல்லிவிட்டதால் அவள் மட்டும் போகிறாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஃப்ளைட்?" என்று சும்மா கேட்டு வைத்தான்.

"நூறு தடவை சொல்லியாச்சு. சாயந்திரம் அஞ்சே முக்கால்."

ஃபிராங்க்ளினின் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. காலையில் சேஷாத்ரி கடையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் வரிசையாகக் காதில் ஒலிக்கத் தொடங்கியது.

"இன்னிக்கே குடுத்துடணும், ஃபிராங்க்ளின். நாளைக்குச் சாயந்திரம் அஞ்சே முக்கால் சென்னை ஃப்ளைட். அதுக்குள்ள கை பழகலேன்னா நான் தொலைஞ்சேன்."

உள்ளே இருந்த சாமான் பாதிக்கு மேல் தேய்ந்திருப்பதைக் காட்டி, "இது தேய பத்து வருஷமாவது ஆகுமே சார்" என்று ஃபிராங்க்ளின் ஆச்சரியப்பட்டிருந்தான்.

"ஆறு மாசம். தெனம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஏத்தறதும் எறக்கறதும்தான். இப்பதான் கை நடுங்காம வரது."

"எத்தனை பேரு சார் ஃப்ளைட்ல?"

"நூத்தி எண்பது பேர். அத நெனச்சாலே பெருமாளத்தான் கூப்பிடறேன்."

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. நீங்கள் பைலட்டா என்று ஃபிராங்க்ளின் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு வருகிறவரிடம் நீங்கள் டாக்டரா என்று யாராவது கேட்பார்களா?

இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த மனிதர் இன்று முழுக்கத் தலைகீழ் த்ராட்டிலில் பழகுவார். நாளைக்கு நிஜ விமானத்தில் பழக்கதோஷத்தில் இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளுவார், தள்ள வேண்டிய இடத்தில் இழுப்பார். உள்ளே கலா உட்கார்ந்திருப்பாள்.

"என்ன, கொழம்புல உப்பு கூடிட்டா? இப்படி முழிக்கிய" என்றாள் கலா.

"ஒண்ணுமில்ல."

சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருஷம் அவன் ரிப்பேர் செய்த மிக்சி, மூடியைத் தூக்கியடித்து மாவைச் சீலிங்கில் அப்பிய கதையை கலா இன்றுவரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு கதையை அவளுக்கு வலியக் கொடுக்க அவன் தயாராக இல்லை. ஸ்க்ரூடிரைவரையும் பற்றவைக்கும் கோலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சேஷாத்ரியின் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவருடைய அக்கா ஆண்டாள். அறுபது வயதிருக்கும். கல்யாணமாகாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் என்பது கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது.

"அவன் பறந்துண்டிருக்கான். இப்பப் பாக்க முடியாது" என்றாள்.

"ஒரே நிமிஷம்மா. சின்னதா ஒரு செக்கிங்."

உள்ளறையில் சேஷாத்ரி காதில் ஹெட்போனோடு திரையை முறைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. த்ராட்டிலை முன்னால் தள்ளினார். ஸ்பீக்கர் உறுமியது. ஃபிராங்க்ளினைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"என்ன, ஏதாவது தப்பாயிடுத்தா?"

"சேச்சே. புது சாமான் போட்டா சாயந்திரம் ஒரு தடவ டைட் பண்ணிக் குடுக்கது எங்க கடை வழக்கம் சார்."

அப்படியொரு வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. த்ராட்டிலைத் திறந்து, முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு, ஓரத்துக் கால்கள் இரண்டிலும் ஒயர்களை மாற்றிப் பற்றவைத்து மூடினான்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?" என்றார் சேஷாத்ரி.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், தானா எடுத்துக்கும்" என்று சொல்லி, ஆண்டாள் நீட்டிய சிங்காரா சமோசாவைக்கூட வாங்காமல் தெருவுக்கு வந்துவிட்டான். நூற்றி எண்பது உயிரைக் காப்பாற்றிய திருப்தியில் கடியாஹாட் மார்க்கெட் முனைவரைக்கும் விசிலடித்துக்கொண்டே நடந்தான். அங்கே ஒரு பஸ் அவனைத் தாண்டி உறுமிக்கொண்டு போயிற்று.

உறுமல். சேஷாத்ரி முன்னால் தள்ளினார். ஸ்பீக்கர் உறுமியது.

அப்படியானால் காலையில் வைத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. தலைகீழாக்கியது இப்போது.

அவன் ஓடிய ஓட்டத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். சேஷாத்ரி போனை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் ஆண்டாள் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஏதோ மோதிச் சிதறும் சத்தமும், தொடர்ந்து "பெருமாளே" என்ற சேஷாத்ரியின் குரலும் கேட்டது.

"என்ன பண்ணிட்டுப் போனேள்?" என்றாள் ஆண்டாள். "இந்தச் சத்தத்த இந்தாத்துல நான் கேட்டதே இல்ல. இது நாலாவது தடவை."

"அம்மா, கதவைத் தெறங்க. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுதேன்."

"தொட்டது போதும். கொழந்தை நாளைக்கு ஏறணும். இருக்கற தைரியத்தையும் கெடுத்துடாதேள்."

கிரில் திறக்கவில்லை. அன்றிரவு கலா பெட்டிக்குள் பட்டுப் புடவையை மடித்து வைக்க வைக்க, ஃபிராங்க்ளினுக்கு அவள் ஒவ்வொன்றாகத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போவதைப்போல இருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவனால் முடியவில்லை.

மறுநாள் காலையில் ஒருவழியாகச் சேஷாத்ரி போனை எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தூக்கமே இல்ல, ஃபிராங்க்ளின். தள்ளினா விழறது. கடைசில இழுத்துப் பாத்தேன், ஏறறது. இனிமே இழுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஐயோ சார், அப்படி முடிவு பண்ணாதிய. நெச ப்ளேன்ல தள்ளினாத்தான் ஏறும்."

"நெஜ ப்ளேனப் பத்தி எங்கிட்ட இப்பப் பேசாதேள்" என்று அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு போன் அணைந்தே கிடந்தது.

இனி ஒரே வழிதான். விமானத்தைத் திருத்த முடியாவிட்டால் கலாவை நிறுத்த வேண்டும்.

"நீ ஏன் ரயில்ல போகக்கூடாது?" என்று ஆரம்பித்தான்.

கலா திரும்பிப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கல்யாணம். ரயிலு போய்ச் சேரையில பந்தி முடிஞ்சு எலை எடுத்திருப்பாவ."

"அப்ப போகாண்டாம். உடம்புக்கு முடியலன்னு சொல்லிரு."

"எனக்கு எதுக்கு உடம்பு முடியாமப் போணும்?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "எனக்குத் தெரியும். பத்திரிகைல ஒங்க பேர கடைசில போட்டுட்டாங்கன்னு பொருமிட்டு இருக்கிய. கடை இருக்குன்னு சொன்னதும் அதுக்குத்தான். இப்ப என்னையும் போகவிடாமப் பண்ணப் பாக்கிய."

"அது இல்ல கலா."

"பின்ன எது?"

அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் கைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தான். அடையாள அட்டை இல்லாமல் விமான நிலைய வாசலைத் தாண்ட முடியாது. இது பிரமாதமான யோசனை என்று அவன் நினைத்தான். நடுப்பகலில் அவள் அரிசி களைய உட்கார்ந்தாள். ஆழாக்கோடு ஆதாரும் வந்தது.

கலா அட்டையைத் துடைத்துப் பையில் வைத்தாள். "நான் இனிமே அம்மா வீட்டுலயே இருந்துக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாள். ஒயர் மாறியதற்குக் குடும்பமே பிரியும் என்று ஃபிராங்க்ளின் கனவிலும் நினைக்கவில்லை.

டாக்ஸி பைபாஸில் பறந்தது. பின்சீட்டில் இரண்டு ஓரங்களில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கியபோது அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒயர், த்ராட்டில், சேஷாத்ரி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

கலா பொறுமையாகக் கேட்டாள்.

"ஆதார் மாட்டிக்கிட்டதும் இப்ப ஒரு பைலட்டு கதையா?" என்றாள். "ப்ளேன் ஓட்டுதவரு ஒங்க கடை பொம்மையிலயா பழகுவாரு?" பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் அப்படியே நின்றுகொண்டிருக்கையில் ஒரு மஞ்சள் டாக்ஸி வந்து நின்றது. சேஷாத்ரி இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை, அதே கறுப்புக் கண்ணாடி, கையில் சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. ஆண்டாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஃபிராங்க்ளின் குறுக்கே பாய்ந்தான். "சார், தயவுசெஞ்சு இன்னைக்கு ஏறாதிய. வேற யாரையாவது அனுப்பட்டும்."

"பாத்தியாக்கா" என்றார் சேஷாத்ரி. அவர் உதடு துடித்தது. "நன்னா தெரிஞ்சவாளே சொல்றா. நான் ஆத்துக்கே வந்துடறேன்."

"வாங்க சார், நானே கொண்டு விடுதேன்" என்று ஃபிராங்க்ளின் அவர் பெட்டியைப் பிடித்தான்.

ஆண்டாள் மறுபக்கம் பிடித்தாள். அறுபது வயதுக்கு அவள் பிடி அசாத்தியமானது. "ஆறு மாசம் பாடுபட்டது இன்னிக்கு ஒரு நாளுக்காக. மேலே ஏறி உக்காந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும். நீங்கோ நகருங்கோ" என்று பெட்டியைப் பிடுங்கி, தம்பியை முதுகில் கை வைத்து வாசலுக்குள் தள்ளினாள். துப்பாக்கியோடு நின்ற காவலர் ஃபிராங்க்ளினைப் பார்த்த பார்வையில், அவன் நாலடி பின்னால் நகர்ந்தான்.

மணி ஐந்தரை தாண்டியது. டம்டம் விமான நிலையத்துக்கு மேலே வானத்தில் ஒவ்வொரு விமானமாக ஏறிக்கொண்டிருந்தது. ஃபிராங்க்ளின் தூணில் சாய்ந்து, தெரிந்த ஜெபங்களையெல்லாம் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது போன் அடித்தது. கலா.

"ப்ளேன்ல ஏறி உக்காந்துட்டேன். போன அணைக்கச் சொல்லப் போறாவ" என்றாள் அவள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஃபிராங்க்ளின் தூணைவிட்டு நிமிர்ந்தான். "கலா, நான் சொல்லுதத முழுசாக் கேளு. பேரு கடைசில போட்டாங்கன்னு எனக்குக் கோவம் இருந்தது வாஸ்தவம். கடைல வேலை ஒண்ணும் கெடையாது. வீம்புக்குத்தான் வரலன்னு சொன்னேன். ஒன்னத் தனியா அனுப்பினது என் தப்பு. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது, தெரிஞ்சுக்கோ."

"இத காலைல சொன்னா என்ன?" என்றாள் மெதுவாக.

"இப்பவாவது எறங்கிரு கலா. அந்தச் சேஷாத்ரி வந்துட்டாரு. என் கண்ணால பாத்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. முன்னால அவரு அறைக்குப் போயாச்சா பாரு."

"எந்த அறைக்கு? அவரு என் பக்கத்து சீட்டுல கண்ண மூடிட்டு என் முழங்கையப் புடிச்சிட்டு நடுங்கிட்டு இருக்காரு. வாழ்க்கைல மொதத் தடவையா ப்ளேன் ஏறுதாராம், பயம் தெளியட்டும்னு டாக்டரு சொல்லி ஆறு மாசமா வீட்டுல பொம்மை ப்ளேன் ஓட்டிப் பழகுனாராம், நேத்து நீங்க வந்து தொட்டுட்டுப் போற வரைக்கும் ஒரு தடவகூட விழலயாம்."