இன்னைக்கும் போகலையாம்

"அப்பா, இன்னைக்காவது போனானா?"

பஸ் டிப்போவிலிருந்து வந்த கண்டக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். பேரனை மடியில் வைத்திருந்த அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லம்மா. துளிகூட இல்ல."

இது நாலாவது நாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. அவள் பஸ்ஸில் இருக்கும் நேரமெல்லாம் எட்டு மாதக் குழந்தை அப்பாவின் பொறுப்பு. அலமாரியில் பிள்ளைத்துணிகள் காலையில் அடுக்கியபடியே இருந்தன.

முதல் நாள் அவள் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் டிரைவரிடம் சொன்னாள்.

"வயித்தைத் தடவி, காலை சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டு" என்றார் அவர்.

ஆட்டினாள். குழந்தைக்கு அது பிடித்துப்போயிற்று, நிறுத்தினால் வீறிட்டான். சாயங்காலம் முழுக்கச் சைக்கிள் ஓடியது. வேறொன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் டிக்கெட் கிழித்துக்கொண்டே புலம்பினாள். பஸ்ஸே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"பேரிக்காயை மசிச்சுக் குடும்மா."

"உலர்ந்த திராட்சையை ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் குடு."

கடைசி சீட்டுக்காரர் தன் வயிற்றின் முப்பது வருட வரலாற்றைத் தொடங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டார்.

அவள் இரண்டையும் கொடுத்தாள். நாலாம் நாள் அப்பாவின் பதிலைக் கேட்ட பயத்தில் இரண்டு மடங்கு கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலை குழந்தை போனான். போய்க்கொண்டே இருந்தான். தலையணை, பாய், அவளுடைய யூனிபார்ம், எதுவும் தப்பவில்லை.

"பார்த்தியா, போயிட்டான்!" என்று அப்பா கைதட்டிச் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மலச்சிக்கல்னு யார் சொன்னது? நல்லா இருந்த வயித்தைக் கலக்கி விட்டிருக்கீங்க."

"நாலு நாளா போகவே இல்ல டாக்டர். அப்பாதான் பார்த்துக்கிட்டாரு."

"ஆமா டாக்டர், போகவே இல்ல" என்றார் அப்பா. சத்தியம் செய்கிறவர் போல நிமிர்ந்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியலையாப்பா? என்னதான் பண்றீங்க நாள் முழுக்க?"

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தப்பு என்னவென்றே புரியாமல் திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பையனைப் போல நின்றார். அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாறிய துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

அங்கே மேல்வீட்டுத் தையற்காரி தன் புடவையைக் கொடியில் ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

"இன்னைக்கு நீ வந்திருக்கியே? உங்கப்பாதானே தினம் ரெண்டு தடவை பிள்ளைத்துணி அலசிப் போடுவாரு. காஞ்சதும் அழகா மடிச்சு எடுத்துட்டுப் போவாரு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

தையற்காரி குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. நேத்து பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, 'இந்தக் குழந்தை யாருதும்மா?'ன்னு என்கிட்ட கேட்டாரு."