குறுக்கால போன குண்டு

எங்கள் சனத்துக்குப் பாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பாரமான சேலைதான் நல்ல சேலை. பாரமான சட்டிதான் நல்ல சட்டி. பூசணிக்காயைக்கூட இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்த பிறகுதான் விலை கேட்போம். இந்த நம்பிக்கையோடு பூசணிக்காய் வாங்கப் போனால் ஒரு கரைச்சலும் இல்லை. நான் துப்பாக்கிக்குக் குண்டு வாங்கப் போனேன்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். நான் கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைத்து அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள். அங்கே என்னோடு வேலை செய்யும் மார்ட்டீன் என்ற கியூபெக்காரி ஒரு சனிக்கிழமை தன்னுடைய குறிசுடும் கழகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சும்மா பார்க்கத்தான் போனேன். தன் துப்பாக்கியைத் தந்து, மூச்சை அடக்கிக்கொண்டு விசையை மெல்ல அழுத்தச் சொன்னாள். நூறு மீற்றருக்கு அப்பால் இருந்த கடதாசியின் நடு வட்டத்தில் ஓட்டை விழுந்தது. வாழ்க்கையில் நான் நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போய்ச் சேர்ந்த முதல் சாமான் அந்தக் குண்டுதான். (பஸ்கூட என்னை அப்படிக் கொண்டுபோய் இறக்கியதில்லை.)

அதற்குப் பிறகு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, கழகத்தில் ஒருவர் பாவித்த பழைய துப்பாக்கி ஒன்றையும் வாங்கிவிட்டேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, அதைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலுமாரியும் வந்தது.

"உமக்கு ஒரு யோகா வகுப்பும் கிடைக்கேல்லையோ?" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

எங்களோடு இருக்கும் அம்மா அவ்வளவு லேசாக விடவில்லை. எங்கள் ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். அந்தச் சொல்லை அம்மா சொல்லும்போதே ஒரு நடுக்கம் இருக்கும்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். இப்ப நீ துவக்கை வீட்டுக்கையே கொண்டந்து வச்சிருக்கிறாய்."

"அம்மா, இது கடதாசியைச் சுடுற துவக்கு."

"கடதாசியைத்தான் சுடுறனெண்டு துவக்குக்குத் தெரியுமே?"

அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எனக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போயிருந்தது. அம்மா அந்த அலுமாரி இருந்த அறைப் பக்கமே போகாமல் விட்டா. இலையுதிர் காலத்தில் கழகத்தில் சிநேகபூர்வமான போட்டி ஒன்று வந்தபோது, வாய் சும்மா இருக்காமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டும் உங்களுக்கு மனம் கேக்கேல்லையெண்டால் நான் அதை வித்துப்போடுறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா உடனேயே சம்மதித்தது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அதனால் வழக்கமாக மார்ட்டீன் வாங்கித் தரும் சின்னக் குண்டுகளை நம்பிப் போகக் கூடாது, இதற்கென்று விசேஷமாக ஏதாவது வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாரமான குண்டைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று எங்கேயோ வாசித்திருந்தேன். (அது உண்மைதான். அந்தப் பக்கத்தில் மிச்சத்தையும் வாசித்திருக்கலாம்.)

கடைக்காரர் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார்: என்னுடைய கனோனின் முறுக்கு எவ்வளவு?

என்னுடைய பிரெஞ்சு, மகளைக் கார்தெரியில், அதுதான் பிள்ளை பராமரிப்பகத்தில், விட்டு எடுத்த காலத்தில் பழகியது. அதில் சளி உண்டு, காய்ச்சல் உண்டு, மாற்றுடுப்பு உண்டு. துப்பாக்கிக் குழலுக்கும் கனோன் என்றுதான் பெயர் என்பது அதில் இல்லை; கனோன் என்றால் எனக்குப் பீரங்கிதான். முறுக்கைப் பற்றி அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை.

"என்னட்டைப் பீரங்கி இல்லை, மிஸ்யூ. சின்னத் துவக்குத்தான்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நான் கை காட்டிய பெட்டியை எடுத்துத் தந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். என்ன பாரம்! மனம் நிறைந்துபோயிற்று.

போட்டியன்று நல்ல குளிர். அம்மா சேலைக்கு மேலே கோட்டும், தலையில் கம்பளித் தொப்பியும், அதற்கு மேலே காதுக்கவசமும் போட்டுக்கொண்டு, விமானி மாதிரி ஒரு கதிரையில் இருந்தா. பக்கத்தில் இவர், கொறிக்க ரோல்ஸ் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலுமாக. நான் புதுக் குண்டுகளை ஒருமுறைகூடச் சுட்டுப் பார்த்திருக்கவில்லை. நல்ல சாமானை ஏன் வீணாக்குவான் என்ற சிக்கனம்.

முதல் குண்டை விட்டேன். தொலைநோக்கியில் பார்த்தால் கடதாசி சலவை செய்தது மாதிரி வெள்ளையாக இருந்தது. இரண்டாவதையும் விட்டேன். அதுவும் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாவதற்குக் கொஞ்சம் தூசி பறந்தது. அது பின்னால் இருந்த மண்மேட்டில். எனக்கு வியர்த்தது. பிழை என்னுடைய கையில்தான் என்று நினைத்து, மூச்சைப் பிடித்துப் பிடித்து மிச்சத்தையும் சுட்டேன். கடைசிக் குண்டுக்கு முன் நான் பிடித்த மூச்சில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரும் சுட்டு முடிந்ததும், கழகத்தின் பொறுப்பாளர் துப்பாக்கிகளை வெறுமையாக்கி வைக்கச் சொல்லிவிட்டு, எங்களைக் கடதாசிகளிடம் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் எழும்பி வந்தா.

என் கடதாசியில் மொத்தம் இரண்டு அடையாளம். அவற்றை ஓட்டை என்று சொல்ல முடியாது. பிச்சுவாக் கத்தியால் கீறியது போல நீளமாக இருந்தன. குண்டு முனையால் குத்தாமல், பக்கவாட்டில் படுத்தபடி வந்து மோதியிருந்தது. இன்னொன்று கடதாசியைத் தாங்கி நின்ற சட்டத்தின் மரக்காலில் படுத்தபடி பதிந்திருந்தது. பக்கத்துக் கடதாசிக்காரர் தன்னுடையதை எண்ணிவிட்டு, "எனக்கு ஒண்டு கூடுதலா விழுந்திருக்கு" என்று மரியாதையாகச் சொன்னார்.

மார்ட்டீன் ஓடிப்போய் என் குண்டுப்பெட்டியை எடுத்துவந்து பார்த்தாள். கியூபெக்காரர் கோபம் வந்தால் கோயில் சாமான்களின் பெயர்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அன்றைக்கு அவள் ஒரு முழுத் தேவாலயத்தையே காலி செய்தாள்.

"உன்ர குழலுக்குள்ள முறுக்கிக்கொண்டு போற சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கு. அதுதான் குண்டைப் பம்பரம் மாதிரிச் சுத்தி நேராப் போகவைக்கும். உன்ரது பழசு, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுத்துத்தான் சுத்தும். சின்னக் குண்டுக்கு அது போதும். பாரம் கூடினால் குண்டு நீளும். நீளமானதுக்கு இன்னும் வேகமாச் சுத்த வேணும், எட்டு அங்குலத்துக்கு ஒரு சுத்தாவது. இல்லையெண்டால் தள்ளாடி விழும்!"

கடைக்காரர் கேட்ட முறுக்கு இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. பொறுப்பாளர் என் தோளில் தட்டி, "மதாம், இண்டைக்கு நீங்கள் சுட்டது போதும்" என்றார். எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அம்மா விளக்கம் கேட்டுக்கொண்டு நின்றா. மார்ட்டீன் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னேன்.

அம்மா குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தா.

"நேராத்தானே பிடிச்சு விட்டனி?"

"ஓம்."

"அப்ப இது குறுக்காலயோ போயிருக்கு?"

குறுக்கால போவான் என்பது எங்கள் ஊரில் எவரையும் திட்டுவதற்கான முதல் சொல். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அம்மாவுக்கே பிடிபட்டது. சிரிக்கத் தொடங்கினா. காதுக்கவசம் கழன்று விழ, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தா. "குறுக்கால போன குண்டு, குறுக்கால போன குண்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. ஒரு துவக்குச் சங்கதிக்கு அம்மா சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவரும் மார்ட்டீனும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நானும்.

காரில் ஏறும்போது நானே வாயைத் திறந்தேன். "சரி அம்மா. சொன்ன மாதிரி வித்துப்போடுறன்."

"ஏன் விக்கிறாய்? வச்சிரு. இந்தத் துவக்கால ஒருத்தருக்கும் ஒரு ஆபத்தும் வராது."

சரியான குண்டு போட்டால் அது எவ்வளவு துல்லியமாகச் சுடும் தெரியுமா என்று ஆவேசமாகத் தொடங்கினேன். இவர் என் காலை மிதித்தார். "வாயை மூடிக்கொண்டு ஏறும்" என்றார் மெல்ல. ஏறினேன்.

அடுத்த வருடம் சின்னக் குண்டோடு போய் அதே போட்டியில் மூன்றாம் இடம் வந்தேன். அழகான கடதாசி, எல்லா ஓட்டையும் ஒரு கைப்பிடிக்குள். அம்மா பார்த்து, "நல்லம்" என்று சொல்லிவிட்டு, அதை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தா. முதல் வருடத்துக் கடதாசிக்கோ கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறா. ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் தொலைபேசி எடுத்தால், "குறுக்கால போன பிள்ளை நிக்கிறாவோ?" என்றுதான் என்னைக் கேட்பார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "ஏன் அம்மா, பரிசு வாங்கினதைச் சுவரில கொழுவினால் என்ன?"

"நேராப் போறது குண்டின்ர வேலை," என்றா அம்மா. "குறுக்கால போக வைக்கத்தான் என்ர பிள்ளை வேணும்."